கிளை ரூட்டரின் வாயைக் கட்டியவன்

இந்த அறையில் ஏசி நன்றாக வேலை செய்கிறது, ஐயா. என் சர்வர் அறையில்கூட இப்படி இல்லை.

ஸ்டப் ஏரியா என்றால் என்ன என்று கேட்டீர்கள். என் மனைவி இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை; அதனால் சந்தோஷமாகச் சொல்கிறேன். ரூட்டர்களுக்கு ஊர்வம்பு பேசாவிட்டால் பொழுது போகாது. எந்த வழியில் போனால் எங்கே போகலாம் என்று ஒன்றுக்கொன்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். எங்கள் கிளை மருத்துவமனையில் இருப்பதோ பழைய ரூட்டர். அத்தனை வம்பையும் கேட்டால் மூச்சுத் திணறும். அந்தக் கிளையை ஸ்டப் ஆக்கிவிட்டால் வெளிச்செய்தி உள்ளே போகாது. "தெரியாத இடமென்றால் என்னிடம் அனுப்பு" என்று தலைமை ரூட்டர் ஒரே வரியில் முடித்துவிடும். ஒரு சங்கடம், ஸ்டப் ஆன கிளை தன்னிடமுள்ள வெளிவழியை மற்றவர்களுக்குச் சொல்லவும் முடியாது. அதற்கு என்.எஸ்.எஸ்.ஏ. என்று வேறொரு வகை இருக்கிறது. காது மூடியிருக்கும், வாய் மட்டும் திறந்திருக்கும்.

தலைமை மருத்துவமனையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன் நான், கிளையைப் பார்த்துக்கொள்பவன் என் மைத்துனன். ரத்த வங்கிக்கான லைனை அவன்தான் அங்கே கொண்டுவந்தான். தலைமை மருத்துவமனை ரத்தம் கேட்பதும் அந்த வழியாகத்தான். திரையில் உத்தரவு வராமல் வங்கி ஒரு பைகூடக் கொடுக்காது. இதற்காக மாமனார் வீட்டில் அவனைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். "அத்தான் வயர் சொருகுறதோட சரி," என்று சாப்பாட்டு மேசையில் சொன்னான். என் மனைவியும் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

மறுநாள் காலை கிளையை ஸ்டப் ஆக்கினேன். இரு முனையிலும் ஒரே வகை இருந்தால்தான் ரூட்டர்கள் பேசிக்கொள்ளும், ஆகவே இரண்டிலும் மாற்றினேன். கடவுச்சொல் என்னிடம் மட்டும்தான். "அத்தான், ஒண்ணும் புரியல" என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், உடனே திருப்பிவிடுவதாக இருந்தேன். இதில் கெட்ட எண்ணம் எங்கே இருக்கிறது?

முதலில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் கூப்பிட்டார். "சார், ரத்த வங்கிக்கு ஆர்டரே போக மாட்டேங்குது. உள்ள ஒருத்தர் ரொம்ப மோசமா இருக்காரு."

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கம்மா," என்றேன். எல்லோருக்கும் சொல்வதுதான்.

அடுத்து மைத்துனன். "அத்தான், கிளையை ஸ்டப்பா மாத்திட்டீங்க. ரெண்டு பக்கமும் என்.எஸ்.எஸ்.ஏ. போடுங்க. சீக்கிரம்."

புரியவில்லை என்று அவன் சொல்லவே இல்லை. மிகச் சரியாகச் சொன்னான். அவன் சொன்னான் என்பதற்காக உடனே செய்துவிட முடியுமா? நானும் ஒரு பொறுப்பில் இருப்பவன். "ஆரம்பத்துல இருந்து செக் பண்ணிட்டுச் சொல்றேன்," என்று வைத்துவிட்டு, கேபிள்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். டீ குடித்தேன். மாற்றவேண்டிய வரி திரையிலேயே இருந்தது. நர்ஸ் மறுபடி கூப்பிட்டார், நான் எடுக்கவில்லை. பிறகு அவரும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

இறந்தவர் லாரி ஓட்டுநராம். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தெரிந்தே மாற்றினேன், தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அன்று முழுக்க என் நெட்வொர்க் ஒரு நொடிகூட விழவில்லை.