தோளில் கிடந்த துண்டு

காரைக் கழுவுகிறவர்கள் பானெட்டைத் திறந்து உள்ளே தண்ணீர் பீய்ச்சக் கூடாது. வருஷா வருஷம் சொல்லிப் பார்க்கிறேன். ஆயுத பூசை வந்துவிட்டால் ஒருவர் காதிலும் ஏறுவதில்லை. இஞ்சினையும் சேர்த்துக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கக் கிளப்புவார்கள். வண்டி முக்கும், பிடிக்காது. பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்குள் ஈரம் இறங்கியிருக்கும். அதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம். இரண்டு கிளிப்பை விரலால் நெம்பி, மூடியைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்துப் போட்டால் போதும். பூசையன்று அப்படி எத்தனையோ வண்டிகளுக்குத் துடைத்துவிட்டிருக்கிறேன். அதற்குக் கூலி வாங்கியதில்லை.

என் பெயர் விருத்தகிரி. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கிறேன். நான் சொல்வது தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து ஆயுத பூசை. அன்று சாயங்காலம் கோவிந்தராசு என்னைத் தேடி வந்தார். பீங்கான் பொம்மை யூனிட் முதலாளி, எங்கள் பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அதற்கு முன் அவர் என் வாசலை மிதித்தது ஒரே ஒரு தடவை.

அதையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய அம்பாசடர் என்னிடம் வந்து போன மறுநாள், புது பேட்டரியை எடுத்துக்கொண்டு பழசை மாட்டிவிட்டேன் என்று ஆட்களோடு வந்தார். பட்டறையைக் கலைத்தார்கள். பிறகு வீட்டுக்குள் போனார்கள். என் மனைவி ஆராயியின் அரிசிப் பானைக்குள் அவரே முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். தெருவே பார்த்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. கையில் ஒட்டிய அரிசியை உதறிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். எனக்குக் கோபம் இல்லை. வார்த்தைக்காகக் காத்திருந்தேன், அவ்வளவுதான்.

அந்தச் சாயங்காலம் அவர் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

"பழச மனசுல வெச்சிக்காத விருத்தகிரி. சந்திரலேகாவுக்கு ரத்தம் போவுது. நர்சம்மா உடனே பாண்டிச்சேரி கொண்டு போவச் சொல்லிட்டாங்க. பொண்ண வண்டியில படுக்க வெச்சிட்டோம், வண்டி கெளம்பல."

சந்திரலேகா அவருடைய மகள், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தவள். நல்ல பெண். ஸ்கூல் படிக்கும்போது சைக்கிளுக்குக் காற்றடிக்க வருவாள், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

"சாமானெல்லாம் பூசையில இருக்குதுங்களே மொதலாளி. நாளைக்குக் காலையிலதான எடுக்கணும். வெறுங்கையால முடிஞ்சத பாக்கறேன்" என்றேன்.

"சாமி ஒண்ணும் சொல்லாது, எடுத்துக்கினு போ" என்றாள் ஆராயி. நான் எடுக்கவில்லை. பூசையில் வைத்த கருவியை அன்றே தொடக்கூடாது என்பது ஊரறிந்த முறை. கோவிந்தராசுகூட அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

போய்ப் பார்த்தேன். பின்சீட்டில் அம்மா மடியில் அவள் தலை. பானெட்டில் சந்தனம் ஈரமாக இருந்தது, இஞ்சினிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் வெற்றிவேல் சாவியைத் திருப்பினான். இஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் எந்த வேலைக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் பேட்டரி. "பேட்டரி புதுசுதானுங்களே மொதலாளி, நீங்களே பாத்துக்குங்க" என்றேன். அவர் தலை குனிந்தார். உள்ளதைச் சொன்னால், எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிறகு பெட்ரோல் வருகிறதா என்று பம்ப்பை அமுக்கிப் பார்த்தேன். வந்தது. "இன்னொரு வாட்டி போடு" என்றேன். வெற்றிவேல் போட்டுக்கொண்டே இருந்தான்.

நடுவில் அவன் இறங்கி வந்து, "அண்ணே, ஜங்ஷனாண்ட ஓடிப்போயி ஒரு டாக்சி கூட்டியாரட்டுமா?" என்று கேட்டான்.

"நீ போயிட்டா சாவி யாரு போடறது? இதோ ஓடிடும், இரு."

அவன் இருந்தான். எல்லோருமே இருந்தார்கள். நான் பக்கத்தில் நின்றதால் அவர்களுக்கு ஒரு தைரியம். பேட்டரி இறங்கியதும் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். தெருக்காரர்கள் ஓடி வந்து கைகொடுத்தார்கள். நானும் தோள் கொடுத்துத் தள்ளினேன். தெருமுனைவரை தள்ளினோம், திருப்பித் தள்ளினோம். கண்ணாடி வழியாக அவள் என்னைப் பார்த்து, "அண்ணே" என்றாள். இரண்டாவது தடவை திரும்பியபோது அவள் அம்மாவின் ஓலம் கேட்டது. தள்ளியவர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

வயிற்றுப் பிள்ளையோடு அவளை வீட்டுக்குள் தூக்கிப் போனார்கள். நெய்வேலியிலிருந்து மாப்பிள்ளையைக் கூட்டிவர வண்டி வேண்டும் என்றார்கள். அப்போதுதான் நான் அந்த இரண்டு கிளிப்பையும் விரலால் நெம்பினேன். மூடியைத் துடைத்துப் போட்டேன். நாலு பேர் தள்ளியதும் உடனே பிடித்துக்கொண்டது.

கோவிந்தராசு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பூசையும் அதுவுமா கூப்ட ஒடனே வந்தியே. ஒன்னப் போயி சந்தேகப்பட்டனே, மன்னிச்சிக்கப்பா" என்று தெரு கேட்க அழுதார். நான் காத்திருந்த வார்த்தை அதுதான். அன்றிலிருந்து அவர் வண்டிகள் எல்லாம் என்னிடம்தான் வருகின்றன. இஞ்சினைக் கழுவியது வெற்றிவேல் என்று பிறகு அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பாவம்தான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். பூசைக்கு என்று கட்டிய புது வேட்டி, புதுத் துண்டோடுதான் போயிருந்தேன். துண்டின் ஒரு முனையில் மட்டும் கருப்பாக ஈரம். ஆராயி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தத் துண்டு கூடவா பூசையில இருந்துச்சி?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு அவள் எனக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை. அவள் கேட்டது சரிதான். துண்டு ஆரம்பத்திலிருந்தே என் தோளில்தான் கிடந்தது. துடைத்திருந்தால் அந்தப் பெண் பாண்டிச்சேரி போயிருப்பாள். துடைக்கக் கூடாது என்றுதான் துடைக்கவில்லை. வெற்றிவேலை டாக்சிக்குப் போகவிடாமல் நிறுத்தி வைத்ததும் அதற்காகத்தான்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அன்றைக்கு நான் ஒரு ஸ்பேனரையும் தொடவில்லை. பூசைக்கு என்னால் ஒரு குறையும் வரவில்லை.