குழிக்கு மேலே நின்றவன்

மூன்று பேராக உட்கார்ந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும், சார். தனியாகவே சாப்பிட்டு வளர்ந்தவனுக்கு அது பெரிய விஷயம். ஆய்வுக்கூடத்தில் நாங்கள் மூவர்: நான், நெட்டை, மாடியில் உட்கார்ந்து கணக்குப் போடும் அவள். அவளைக் 'கணக்கு' என்றே கூப்பிடுவோம்.

நாங்கள் ஆராய்ந்தது ஒருவகைக் காந்தம். அதில் அணுக்கள் முக்கோணமாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இருப்பதற்கு நேர் எதிராகத் திரும்பி நிற்க ஆசை. இரண்டு என்றால் தொல்லையில்லை. மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றோடு முட்டும். அதனால் மூன்றும் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, ஆளுக்கொரு மூலையைப் பார்த்து நிற்கும். வெளியிலிருந்து காந்தப்புலத்தை ஏற்றினால் அந்தச் சமாதானம் கலைந்துவிடும். இரண்டு ஒரே பக்கம் சேர்ந்துகொள்ளும், ஒன்று தனியாக எதிரே நிற்கும்.

தங்கள் கல்யாணச் சேதியை அவர்கள் இருவரும் சாப்பாட்டு மேசையில்தான் சொன்னார்கள். "சாட்சிக் கையெழுத்து நீதான்டா போடணும். உன்னை விட்டா எங்களுக்கு யாரு இருக்கா?" என்றான் நெட்டை. உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் அவள், இருவருக்கும் வேறு ஊரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். எடுத்த கவளம் கையிலேயே நின்றுவிட்டது.

காந்தம் தரைக்குக் கீழே ஒரு குழியில் இருக்கிறது. குளிர்விக்க அதில் திரவ நைட்ரஜன் ஊற்றவேண்டும். ஆவி கீழேயே தங்கினால் மூச்சுவிடக் காற்று இருக்காது. வாடை கிடையாது, இருமல்கூட வராது. அதனால் ஒருவர் இறங்கினால் இன்னொருவர் மேலே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

"இருக்கியா?"

"இருக்கேன்."

மாடி ஒலிபெருக்கியில் அவளுக்கும் அது கேட்கும்.

அன்று இறங்கியவன் நெட்டை. குழியின் ஆவியை வெளியே இழுக்கும் விசிறியின் இரைச்சலில் அவன் குரல் சரியாகக் காதில் விழவில்லை. விசிறியை நிறுத்தினேன். நன்றாகக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்கவில்லை.

அவள் பதறிவிடக்கூடாதே என்றுதான் தொடர்ந்து கூப்பிட்டேன். பதிலையும் நானே சொன்னேன். அவன் குரல் எனக்கு அச்சு அசலாக வரும். அப்படிப் பேசிக்காட்டித்தான் இருவரையும் சிரிக்கவைப்பேன். நேரம் போதும் என்று தோன்றும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் முட்டல் தீரும் என்பது எங்கள் முதல் பாடம். மிஞ்சிய இரண்டும் நேரெதிராகத் திரும்பிக்கொள்ளும் என்பதும் அதே பாடத்தில்தான் இருக்கிறது. அந்த வரியை மறந்துபோனேன். அவள் என் முகத்தைப் பார்ப்பதேயில்லை. "கடைசில பேசுனது அவர் இல்ல" என்று உங்களிடம் சொன்னதும் அவள்தானாமே. கெட்டிக்காரி.

தனி அறை கொடுத்திருக்கிறீர்கள். குறையொன்றும் இல்லை. சாப்பாடு வந்ததும் "இருக்கியா?" என்று கேட்கிறேன். "இருக்கேன்" என்கிறான் நெட்டை. ஆக, இருவர் ஆகிவிட்டோம். அவளும் வந்துவிட்டால் பழையபடி நிம்மதியாகச் சாப்பிடலாம். அவள் குரல்தான் இன்னும் எனக்குச் சரியாக வரவில்லை.