எடுத்துக் கொடுக்க ஆளில்லை

நாடக ஆசிரியர் ஒருவர் காலமான மறுவாரம், திருவள்ளூர் ரயிலில் என் எதிரே தொழிற்சாலைச் சீருடையில் இருவர்.

"இரங்கல் கூட்டத்துல கூட வசனம் கேக்கறாம்பா, நம்ம கம்பெனி டிராமா ஹீரோ!"

"இன்னா ஆச்சு?"

"பதினஞ்சு வருசமா அந்த மனுசன் எழுதுன வசனத்தப் பேசியே மாலை வாங்கிக்கினு இருந்தான். நேத்து அவரு போட்டோ முன்னால நின்னு 'ஐயா'ன்னான். அத்தோட சரி, வாயே தெறக்கல."

"துக்கம் தொண்டைய அடைச்சிருக்கும்."

"துக்கமா? சைடுல திரும்பித் திரும்பி என்னியப் பாக்கறான்! டிராமாவுல மறந்துட்டா படுதாவுக்குப் பின்னால நின்னு எடுத்துக் குடுக்கறவன் நான்தான?"

"ஒரு வரி எடுத்துக் குடுக்கறதுதான?"

"எழுதிக் குடுக்கறவரே பூட்டாரு. நான் இன்னாத்த எடுத்துக் குடுக்கறது?"