டீபக்கர் தேடும் இடம்

அலோர் காஜாவிலிருந்து மலாக்கா போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் மடிக்கணினியும் கையுமாகப் பக்கத்திலிருந்தவரிடம் புலம்பினாள்.

“பத்து மணிக்குக் கம்பைலர் பில்ட் வெளியாகணும்ணே. தப்பு தேடுற டீபக்கர் என் ஸ்கிரிப்டைக் கண்டுக்கவே மாட்டேங்குது.”

“எங்க இன்ஸ்டால் பண்ணுற?”

“தனி ஃபோல்டர்ல. நீட்டா இருக்கும்ல?”

“உனக்கு நீட்டு லா. அது லைப்ரரி ஃபைல் பக்கத்துலதான் தேடும்.”

“அங்கயா? குப்பை மாதிரி கெடக்கும்ணே!”

“கெடக்கட்டும்மா. தேடுறவங்களுக்குத் தெரியாத எடத்துல வச்சா, வச்சும் புண்ணியமில்ல.”

பின் சீட்டிலிருந்த எனக்குக் கம்பைலர் என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் அவசரமாகக் கைப்பேசியை எடுத்தேன். வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்துக்குள் வழக்கமாகக் கிடக்கும் வீட்டுச் சாவியை, பாதுகாப்பு என்று காலையில்தான் பூந்தொட்டிக்கு அடியில் மாற்றியிருந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை.

“அங்க வச்சதும் கண்டுபிடிச்சிருச்சுண்ணே!” என்று முன் சீட்டுப் பெண் கூவினாள்.

என் கைப்பேசி அலறியது.

“வாசல்ல நிக்கிறேங்க. ரெண்டு சப்பாத்தையும் கவுத்துப் பாத்துட்டேன்.”