வேலிக்கு இருபுறமும் நோய்

அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளுகிற நீளக் கட்டை இருக்கிறதே ஐயா, அதைப் போல உபயோகமான சாமான் வேறில்லை. பெல்கிரேடில் நீங்கள் அதை ரொட்டிக் கடையில் மட்டும்தான் பார்த்திருப்பீர்கள். எங்கள் தனிமை முகாமில் சாப்பாடு கொடுப்பது, துணி வாங்குவது எல்லாமே அதில்தான். ஆற்றுக்கு அக்கரையில் காலரா. அங்கிருந்து யார் வந்தாலும் இரட்டை வேலிக்குள் இருக்கும் மரவீட்டில் சில நாள் தங்க வேண்டும். நோய் இல்லை என்று தெரிந்த பிறகே ஊருக்குள் விடுவோம். அதுவரை யாரும் அவர்களைத் தொடக்கூடாது.

நான் அந்த முகாமின் கண்காணிப்பாளன், அர்செனியே. யாரையும் கைநீட்டி அடித்ததில்லை, ஊரில் விசாரித்துப் பாருங்கள். அந்த ஏழு பேர் எங்கே என்று நேற்று கேட்டீர்கள். நேற்றே சொல்லியிருக்கலாம், அலுப்பாக இருந்தது. இன்றைக்கும் அலுப்புதான். ஆனால் நீங்கள் குரலை உயர்த்தாமல் கேட்கிறீர்கள், சொல்லிவிடுகிறேன்.

முதலில் எங்கள் ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும். டான்யூபின் எதிர்க்கரை ஆஸ்திரியப் பேரரசருடையது. ஆறு வளையும் இடத்துக்கு அப்பால் ரஷ்ய ஜாரின் படை கூடாரம் அடித்திருக்கிறது. எங்கள் கரை பேருக்குத் துருக்கி சுல்தானுடையது. பெரிய இடத்து மனிதர்கள் எதற்காக முறைத்துக்கொண்டாலும் பற்றி எரிவது எங்கள் கூரைதான். என் அப்பா ஒரு முறை கூரை மாற்றினார், நான் இரண்டு முறை. கடைசி முறை எரிந்தபோது என் மனைவி மிலெவா உள்ளே இருந்தாள். தீ வைத்தது எந்தப் படை என்றுகூட எனக்குத் தெரியாது. அன்றைக்கு ஊருக்குள் எதிரெதிரான இரண்டு படைகள் இருந்தன. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஒருவர்மேலும் கோபப்படாமல் விட்டுவிட்டேன்.

போன கோடையில் அக்கரையில் ஹங்கேரியர்களின் புரட்சி முடிவுக்கு வந்தது. ஆஸ்திரியப் பேரரசரால் தனியாக அடக்க முடியவில்லை, ஜார் கைகொடுத்தார். தோற்றவர்கள் ஆயிரக்கணக்கில் ஆற்றைக் கடந்து துருக்கியர்களிடம் அடைக்கலம் போனார்கள். எல்லோரும் எங்களுக்குக் கீழே, துருக்கியர்களின் கோட்டைப் பக்கம் கடந்தார்கள். ஏழு பேர் மட்டும் வழி தவறி, மது பீப்பாய்களைக் கட்டிய தெப்பத்தில் நட்டநடுப் பகலில் என் படித்துறையில் வந்து இறங்கினார்கள்.

தலைவன் பாலிந்த் என்ற கேப்டன். நீங்கள் தேடி வந்தது அவனைத்தான், அவன் அம்மா எல்லாத் தூதரகங்களின் கதவையும் தட்டுகிறாள் என்றீர்களே. நல்ல பிள்ளை. தனிமை, புகை என்று முகாம் விதிகளைச் சொன்னதும் சிரித்தான்.

“பெரியவரே, எங்க பேரரசர் எங்களத் தூக்குல தொங்கவிடப் பாக்குறாரு, நீங்க புகை போடப் பாக்குறீங்க. உங்க புகையே தேவலாம்,” என்றான்.

வேலிக்குள் போனதும் அடக்கமாக இருந்தார்கள். அவர்களில் ஒருவன் செருப்புத் தைப்பவன். என் காவலாள் ஸ்தனோயேயின் கிழிந்த பூட்ஸைக் கட்டையில் வைத்து உள்ளே தள்ளினோம், தைத்துத் திருப்பி அனுப்பினான். இன்றைக்கும் ஸ்தனோயே அதைத்தான் போட்டிருக்கிறான், பார்த்திருப்பீர்கள்.

மூன்றாம் நாள் ஆஸ்திரிய லெப்டினென்ட் ஒருவன் படகில் வந்தான், கூடவே ஒரு ரஷ்ய அதிகாரி. என் மேசையில் காபி குடித்தார்கள். “அந்த ஏழு பேரும் எங்க சொத்து. ஞாயித்துக்கிழமைக்குள்ள குடுத்துடுங்க, இல்லன்னா நாங்களே வந்து எடுத்துக்குவோம்,” என்றான் லெப்டினென்ட். ரஷ்யன் சர்க்கரை கேட்டான்.

மத்தியானம் கோட்டையிலிருந்து துருக்கியத் தளபதி துர்முஷ் ஆகா வந்தார். அவரும் காபி குடித்தார். “சுல்தானோட நிழல்ல வந்து நின்னவங்கள நீ புடிச்சுக் குடுத்தா, அது சுல்தான் முகத்துல துப்புன மாதிரி. அப்புறம் எங்க பீரங்கி எந்தப் பக்கம் திரும்பும்னு எனக்கே தெரியாது அர்செனியே,” என்றார். மூவருமே மரியாதையாகத்தான் பேசினார்கள். போகும்போது ஒவ்வொருவரும் என் கூரையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்ததுபோல எனக்குத் தோன்றியது.

கொடுத்தாலும் எரியும், கொடுக்காவிட்டாலும் எரியும். ஒரு மனிதன் என்னதான் செய்வான்? மறுநாள் காலை முகாம் கம்பத்தில் மஞ்சள் கொடியை ஏற்றினேன். உள்ளே காலரா என்று அதற்கு அர்த்தம்.

அதற்குப் பலன் உடனே கிடைத்தது. மறுபடி வந்த லெப்டினென்ட் கொடியைப் பார்த்ததும் படகுக்குத் தாவினான். தொப்பி விழுந்தது, குனிந்து எடுக்கவில்லை. ஆகா கோட்டையை விட்டே வரவில்லை. ஒரு முழம் மஞ்சள் துணி மூன்று பேரரசுகளைப் பின்வாங்க வைத்தது. அதற்காக யாரும் எனக்குப் பதக்கம் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஸ்தனோயேக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

“அண்ணே, உள்ள ஒருத்தனுக்குத் தும்மல்கூடக் கெடையாதே. கொடிய எதுக்கு ஏத்துன?”

“ஊரக் காப்பாத்தத்தான்.”

“சரி, காப்பாத்திட்டல்ல. படகு என்கிட்ட இருக்கு. விடியறதுக்குள்ள கோட்டையில எறக்கி விட்டுட்டு வந்துடறேன்.”

“அப்புறம் ஆஸ்திரியக்காரன் வந்து கேட்டா?”

“செத்துட்டாங்கன்னு சொல்லு. பொதச்சுட்டோம்னு சொல்லு. தோண்டியா பாக்கப் போறான்?”

அது நல்ல யோசனைதான். ஏன் அப்படிச் செய்யவில்லை என்று நீங்களும் கேட்கப் போகிறீர்கள், தெரியும். பிறகு யோசித்துப் பார்க்கையில் செய்திருக்கலாம் என்றே எனக்கும் பட்டது. ஆனால் தப்பியவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டார்கள், என்றைக்காவது காபிக் கடையில் உட்கார்ந்து கதை சொல்வார்கள். அதோடு, உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்குக் களைப்பாக இருந்தது. படகு, காவல், இருட்டு, மறுபடி ஒரு பொய். அதற்கெல்லாம் உடம்பில் தெம்பில்லை.

உள்ளே இருப்பவர்களிடமும் கொடிக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. நோய் ஊருக்குள் வந்துவிட்டது என்றேன். நீங்கள்தான் பத்திரமாக இருக்கிறீர்கள், எக்காரணம் கொண்டும் வெளியே வராதீர்கள் என்றேன். ஆக, வெளியே இருப்பவர்களுக்கு நோய் உள்ளே, உள்ளே இருப்பவர்களுக்கு நோய் வெளியே. அன்றிலிருந்து எனக்குப் பூட்டே தேவைப்படவில்லை. அவர்களே உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்கள்.

ரொட்டியைக் குறைத்தேன், பிறகு நிறுத்தினேன். ஊரில் ரொட்டி சுட ஆளில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். திட்டவில்லை. ஒரு நாள் பாலிந்த் ஜன்னலில் நின்று, “பெரியவரே, எங்ககிட்ட ரெண்டு ரொட்டி மிச்சம் இருக்கு. காஞ்சு போனதுதான். கட்டைய நீட்டுங்க, உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு அனுப்பறோம்,” என்றான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. கட்டையை நீட்டி வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் சந்தேகம் வருமே.

அப்போதுதான் மாவட்ட வைத்தியர் வருகிறார் என்று தகவல் வந்தது. அவர் வந்து ஏழு பேரும் ஆரோக்கியமாக இருப்பதைப் பார்த்தால் கொடி இறங்கும், படகுகள் திரும்பி வரும். நான் முறைப்படி வேலை செய்கிறவன் ஐயா. கம்பத்தில் கொடி ஒன்று சொல்லி வீட்டுக்குள் வேறொன்று இருக்கக்கூடாது.

முகாமில் கந்தகப் புகை போடுவது வழக்கம். ஆளில்லாத அறையில், துணிமணிக்குப் போடுவோம். மனிதர்கள் உள்ளே இருக்கையில் போடுவதில்லை. அது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. நோய்க்காற்று வீட்டுக்குள் வராமல் இருக்கப் புகை போடப் போகிறேன், ஜன்னலை அடைத்து இடுக்குகளில் ஈரத் துணியைச் செருகுங்கள், இருமல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். நன்றாகச் செருகினார்கள். சிப்பாய்கள் அல்லவா, சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்வார்கள். செருப்புத் தைப்பவன் தன் சட்டையையே கிழித்துக் கதவடியில் வைத்தான்.

தணல் சட்டிகளைத் தூக்கிப் போக ஸ்தனோயே மறுத்துவிட்டான். பூட்ஸைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன்மேல் வழக்கு எதுவும் போடாதீர்கள். சட்டிகளை வைத்தது நான், கந்தகத்தைப் போட்டது நான், சாப்பாடு தள்ளுகிற சுவர்த் திறப்பை வெளியிலிருந்து மூடியதும் நான். கட்டையால் தள்ளித்தான் வைத்தேன், அவர்களை நான் தொடவேயில்லை.

வைத்தியர் வந்து வெளிவேலிக்கு அப்பால் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார். காலரா என்று தலையாட்டினார். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டோம். முகாமுக்குப் பின்னால் மூன்று வில்லோ மரங்கள் இருக்கின்றன, நடு மரத்துக்குப் பக்கத்தில். தோண்டும்போது பார்த்துத் தோண்டுங்கள், இந்த வசந்தத்து வெள்ளத்தில் மண் இளகியிருக்கிறது.

கோட்டைப் பக்கம் கடந்த ஆயிரக்கணக்கானவர்களையும் கொடு என்று பேரரசரும் ஜாரும் சுல்தானை மிரட்டினார்கள், சுல்தான் கொடுக்கவில்லை, ஆனாலும் போர் வரவில்லை, அவர்கள் எல்லோரும் துருக்கியில் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்று நேற்று சொன்னீர்கள். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குச் சந்தோஷம்தான் ஐயா. இத்தனை பேர் பிழைத்திருக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? ஆனால் அங்கே போர் வரவில்லை என்பதற்காக இங்கேயும் வந்திருக்காது என்று எப்படிச் சொல்ல முடியும்? என் கூரை இருக்கிறது, நீங்களே அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கடைசியாக என்ன பேசினார்கள் என்று பாலிந்தின் அம்மா கேட்பாள். புகை ஏறியதும் பாலிந்த் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டான். குரல் கரகரத்திருந்தது.

“பெரியவரே, உங்க ஊர்ல எல்லா வீட்டுக்கும் இந்தப் புகையப் போட்டாச்சா?”

“போட்டாச்சு தம்பி.”

“அப்ப சரி. ஊர்ல ஒருத்தரும் சாகக்கூடாதுன்னு நாங்க ஏழு பேரும் வேண்டிக்கிறோம்.”

அந்த வேண்டுதல் வீண்போகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா: அந்த வருஷம் அக்கரை முழுக்கக் காலரா, எங்கள் கரையில் ஒரு சாவுகூட இல்லை.