துலோன் போகிறவர்கள் கவனிக்க

— மத்தியானத்துல கடைங்க எல்லாம் சாத்திடுவாங்கன்னு போட்டிருக்கீங்களே சார், அந்த நேரம் பாத்து பொண்ண கூட்டிக்கினு கப்பல வுட்டு எறங்குனா இன்னா துன்றது?

— இருங்கம்மா, போன வார இதழப் பாத்துச் சொல்றேன். ம்… இதோ. ‘காலையிலேயே நீளரொட்டி ஒன்று வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ளவும். துலோனில் அது அநாகரிகமல்ல.’

— கக்கத்துலயா! அய்ய, வேர்வை ஒட்டாது?

— பிரான்சு தேசம், குளுர்ற ஊரும்மா. கேளுங்க. ‘துறைமுகத்து மீன்காரர் தெருவில் மீன் ரசம் கிடைக்கும். ரொட்டியைச் சுட்டு, பூண்டு தேய்த்து, அதில் நனைத்து உண்ணவும். புளி இல்லையே என்று முகம் சுளிக்க வேண்டாம்.’

— புளி இல்லாம மீனா? வெளங்கும். நான் நாலு உருண்டை புளி கட்டிக்கினு போறேன். ஒலிவக்காய்னு ஒண்ணு வருதே, அது இன்னா? கோயில்ல ஒலிவ மலைன்னு கேட்டதோட சரி.

— ‘முதல் காய் கசக்கும். துப்பிவிடாதீர்கள், பரிமாறியவர் பார்த்துக்கொண்டிருப்பார். மூன்றாவது காயில் ருசி தெரியும்.’

— இன்னா கேட்டாலும் பொஸ்தகத்தப் பாத்தே படிக்கிறீங்களே. நீங்க அங்க போனதில்லையா?

— நானா! வாஸ்தவத்தச் சொல்றேன், பாண்டிச்சேரிக்கு அந்தண்ட நான் போனதே இல்ல. திண்டிவனத்துல இந்த அச்சாபீசு உண்டு, நான் உண்டு. எழுதுறவர் ‘கடலோடி’. எழுத்துப்பிழை திருத்துறதோட இந்த அரங்கநாதன் வேலை முடிஞ்சுது. நீங்க எதுக்கும்மா துலோனுக்கு? சுத்திப் பாக்கவா?

— சுத்திப் பாக்குற மூஞ்சியா இது? என் பேரு லூர்துமேரி, கண்டமங்கலம். எங்க வூட்டுக்காரரு மாசிலாமணி பிரெஞ்சு பட்டாளத்துல சேந்து துலோனுக்குப் போயி ஏழு வருசம் ஆவுது. நாலு வருசம் கடுதாசி வந்துச்சு. அப்புறம் மூச்சே இல்ல.

— விசாரிச்சீங்களா?

— விசாரிக்காத எடமில்ல. சண்டைக்குப் போனாரு, பட்டாளத்துலேருந்து பேர எடுத்தாச்சுன்னு ஒத்த வரியில ஒரு காயிதம். செத்தாரான்னா இல்லன்றாங்க, எங்க இருக்காருன்னா தெரியாதுன்றாங்க. ஒரே பேஜாரு. அதான் நானே போயித் தேடப்போறேன். சனிக்கிழமை கப்பல்.

— பாஷை தெரியாத ஊர்ல, பொண்ண வெச்சுக்கிட்டு…

— வேற வழி? நாங்க பிரெஞ்சுக்காரங்கன்னு நாளைக்குப் பாண்டியில கையெழுத்துப் போட்டாத்தான் கப்பல்ல ஏத்துவாங்க. போட்டுட்டா இந்த தேசத்து ஆளு இல்ல நான். மாட்ட ஓட்டிவுட்டாச்சு, நெலத்த தம்பி பேருக்கு எழுதியாச்சு. திரும்பி வர்றதுக்கு இங்க ஒண்ணுமில்ல சார். ஜல்தியா சொல்லுங்க, அந்தக் கடலோடி விலாசம் வேணும்.

— அவரு விலாசம் உங்களுக்கு எதுக்கும்மா?

— மொத வாரம் எழுதினாரே, எனக்கு மனப்பாடம். ‘கப்பலில் குமட்டினால் மருந்து தேட வேண்டாம். மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, தோலோடு உப்புத்தண்ணியில் ஊறவைத்து, மணலில் வறுத்து, பழைய வேட்டிக் கிழிசலில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொள்ளவும்.’ சரிதானே?

— சரிதான். வாசகர்கள் ரொம்பப் பாராட்டி எழுதியிருந்தாங்க.

— பாராட்டுனாங்களா! அது என் கைவேலை சார். அவரு கப்பலேறுன அன்னிக்கு நான் ஊறவெச்சு, நான் வறுத்து, அவரு இடுப்புல நான் கட்டிவுட்டது. படிச்சதும் கையில இருந்த மொறத்த கீழ போட்டுட்டேன். அந்தக் கடலோடி என் புருசன். உசுரோட இருக்காரு!

— அம்மா, அவசரப்படாதீங்க. கூட வந்த யாராவது பாத்து எழுதியிருக்கலாமில்ல?

— அப்படியே வெச்சிக்குவோம். போன மாசம் எழுதினாரே, ‘கட்டை ஊன்றி நடப்பவர்கள் கல் கடற்கரையில் இறங்க வேண்டாம், கூழாங்கல் வாரிவிடும்’னு. ஊரு சுத்தப் போறவங்களுக்கு எவனாச்சும் இத சொல்லுவானா? அவரு காலுக்கு இன்னாமோ ஆயிடுச்சு. சொல்லுங்க சார், உங்களுக்குத் தெரியும். மூஞ்சி ஏன் அப்படிப் போவுது?

— முட்டிக்குக் கீழ இல்லம்மா. வலது கால்.

— மாதாவே!

— சத்தியம் வாங்கியிருக்கார், யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு. ‘மீசைய முறுக்கிக்கினு போனவன், கட்டைய ஊனிக்கினு பொண்டாட்டி எதிர்ல போயி நிக்கமாட்டேன். செத்தேன்னே அவ நெனச்சிக்கட்டும்’னு. தன் பேரச் சொல்லல, பொண்டாட்டி பேரு மேரின்னு மட்டும்தான் சொன்னார். நான்தான் உங்கள இவ்வளவு நேரம் அடையாளம் தெரியாம…

— அடப்பாவி மனுசா! ஒரு காலுக்காக மூணு வருசம் என்னத் தாலியறுத்தவளா அலையவுட்டியே! அந்தக் காலா எனக்குத் தாலி கட்டுச்சு? காலே இல்லாட்டியும் சொமந்துக்கினு வந்திருப்பேனே. அவரு எழுதுன கவர எடுங்க சார். விலாசம் இருக்குமில்ல? நாளைக்குக் கையெழுத்தப் போட்டுட்டு நேரா அங்கதான் போய் எறங்குவேன்.

— அந்தக் கையெழுத்தப் போடாதீங்கம்மா.

— ஏன் போடக்கூடாது? நொண்டியாயிட்டா புருசன் இல்லன்னு ஆயிடுமா?

— அதுக்கில்ல. ‘எங்கள் துலோன் நிருபர்’னு பெருசாப் போட்டு வித்தவன் நான், அதனால தயங்குறேன். இந்தாங்க, இந்த வாரம் வந்த கவர். நீங்களே பாருங்க.

— அவரு எழுத்துதான்… ஆமா, அவரு எழுத்தேதான். விலாசத்தக் காணோமே. ஸ்டாம்பு கூட இல்ல. ஸ்டாம்பு ஒட்டாம எப்படி சார் இது அம்மாந்தூரம் கடல் தாண்டி வந்துச்சு?

— கடல் தாண்டி வரலம்மா. திங்கக்கிழமை தோறும் பஸ் கண்டக்டர் கையில குடுத்தனுப்புறார், இதோ பக்கத்துல இருக்கிற கூட்டேரிப்பட்டுலேருந்து.