சுருண்ட செட்டை

...இல்ல இனாஸ், நீயே சொல்லு. வீட்டில இருக்கிறது ஒரே ஒரு ஃபேன். இந்தக் கல்பிட்டி வெயில்ல அது ஆருக்கு ஓடணும்? அறுவது வயசு வாப்பாவுக்கா, ஈக்கா? ஈக்கு. ரெண்டு நாளா ஈக்குத்தான் ஓடிச்சு. நான் கோழி மாதிரி வாயத் தொறந்துகொண்டு வெளி முத்தத்தில படுத்தன். ஈ இருக்கிற போத்தலச் சுத்தி ஈரச் சாக்கு வேற. இருபத்தஞ்சு பாகைச் சூட்டுக்கு மேல போகக்கூடாதாம். எனக்கு எத்தின பாகை எண்டு ஒருத்தரும், பொஞ்சாதி கூட, கேக்கல்ல.

அந்த அழுகின கதலிய எறியாத. இந்தப் போத்தலுக்குள்ள போடு. ஓம், ஜாம் போத்தல்தான். ஈ பிடிக்கத்தான் வந்தன். சிரிக்காத. உன்ட பழக்கடையில இல்லாத ஈயா?

எங்கட நபீலா... ஓம், மூத்தவ, கெம்பஸ் போனவ. எங்கட குடும்பத்தில மொதல் பட்டதாரி. டொக்டரா வருவா எண்டு ஊரே பாத்துக்கொண்டிருக்க, புள்ள ஈ பாக்கிறா. போன மாசம் கனமூலையில இருந்து பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்பிளட உம்மா கேக்கிறா, மகள் என்ன செய்றா எண்டு. நான் ஆராய்ச்சி எண்டு சொல்லிட்டு கதைய மாத்தப் பாத்தன். அந்த நேரம் பாத்து ஒரு ஈ வந்து அந்த மனிசிட தேத்தண்ணியில விழுந்திச்சு. நபீலா எட்டிப் பாத்துட்டு, "இது என்ட இல்ல மாமி, இது வீட்டு ஈ. என்டது இதவிட சின்னன்" எண்டா. அதோட முடிஞ்சுது சம்பந்தம்.

ஈயில அப்பிடி என்னதான் இருக்கு எண்டு நானும் கேட்டன். சும்மா சொல்லக்கூடாது, விளங்கப்படுத்தினா. ஒடம்பெல்லாம் சின்னச் சின்ன உயிர்க்கலமாத்தானே. ஒரு கலம் பக்கத்துக் கலத்த ஒட்டிப் பிடிக்க வெளியால ஒரு மூலக்கூறு இருக்காம். வெறும் பசை எண்டுதான் நெனச்சன். இல்லயாம். பக்கத்துக்காரன் இருக்கிறான் எண்டு தொட்டுப் பாத்து உள்ளுக்கு சேதி அனுப்புமாம்: போதும், இதுக்கு மேல வளராத எண்டு. அந்தச் சாமான் இல்லாட்டி, புழுவுக்குள்ள செட்டையா, சிறகா, வரவேண்டிய துண்டு பெருத்துப் பெருத்து, கடைசில செட்டயும் இல்ல, ஈயும் இல்ல. கூட்டுக்குள்ளயே மௌத்து. எங்கட அடுத்த வீட்டுக்காரனுக்கும் அது இல்ல போல. வருசா வருசம் அவன்ட மதில் எங்கட பக்கம் வளருது.

மனிசருக்கும் அதுக்குச் சொந்தக்காரச் சாமான் இருக்காம். மனிசன போத்தல்ல போட்டு வளக்க ஏலாதே, அதால ஈ.

இப்ப கெம்பஸ்ல வேலைநிறுத்தம். எல்லாரயும் வீட்ட அனுப்பிட்டாங்க. எட்டு மாசமா சோடி சேத்துச் சேத்து எடுத்த ஈ, எட்டுப் போத்தல், மடியில வெச்சுக்கொண்டு பஸ்ஸில வந்தா. அந்த ஈ வேற எங்கயும் இல்லயாம். வாற மாசம் அதக் காட்டாட்டி அவட இடம் வேற ஆருக்கோ போயிருமாம். முந்தாநாள் கொழும்புல ஏதோ கூட்டம். "வாப்பா, பாத்துக்கொள்ளுங்க, தொடாதீங்க" எண்டுட்டுப் போனா.

பாத்துக்கொள்ளணும், தொடக்கூடாது. ஒரு மனிசனுக்கு இப்பிடி ரெண்டு கட்டளைய ஒண்டாக் குடுத்தா அவன் என்ன செய்றது?

நான் இருவத்திரெண்டு வருசம் இறால் குஞ்சு பொரிக்கிற இடத்தில நிண்டவன். இண்டைக்குக் காலையில கண்ணாடியப் போட்டுக்கொண்டு போத்தல மேலால பாத்தன். அத்தின ஈயிலயும் செட்ட மேல்பக்கமா சுருண்டு கெடக்கு. ஒண்டாவது நேரா? இல்ல. கோணல் குஞ்சக் கண்டா நாங்க என்ன செய்வம்? தொட்டியோட கொட்டி, குளோரின் ஊத்திக் கழுவுவம். இல்லாட்டி பக்கத்துத் தொட்டிக்கும் போகும். யோசிக்கத் தேவயில்ல, கை தானாப் போகும்.

...ஓம். போச்சு.

எட்டும். புழு, கூடு, எல்லாம். வேற ஆரு கொட்டுவாங்க, ஃபேனா?

கழுவேக்க, சாக்குக்குள்ள மறைஞ்சு போத்தல்ல ஒட்டியிருந்த பேப்பர் ஊறிக் கழண்டு கையில வந்திச்சு. அதில மகள் எழுதியிருக்கா. இங்கிலீசில இல்ல, நான் வாசிக்க எண்டு தமிழில, பெரிய எழுத்தில. "வாப்பா, செட்டை சுருண்டுதான் இருக்கும். நோய் இல்லை. உள்ளே பழுது ஒளிந்திருக்கிறது என்று அடையாளம் காண நாங்கள் சேர்த்தது." எட்டுப் போத்தல்லயும் எழுதியிருந்தா. எட்டையும் வாசிச்சன். ஏதாவது ஒண்டிலயாவது வேற மாதிரி இருக்குமா எண்டு.

அதுக்குத்தான் இது. உன்ட ஈயில ஒரு நூறு பிடிச்சு உள்ளுக்கு விட்டா... நூறும் நேர்ச் செட்ட, எனக்கும் தெரியுது. கொஞ்சம் ஈரத்தில வெச்சா சுருளாதா எண்டு யோசிச்சன். என்ன பாக்கிற? யோசிச்சன் எண்டுதான் சொன்னன்.

சுருண்டுது எண்டே வெச்சுக்கொள். அந்தப் புள்ள ஒவ்வொண்டா எண்ணுவா. உன்ட வாழப்பழத்து ஈய எண்ணி, அளந்து, எழுதி, பெரிய ஆக்களுக்கு முன்னால நிண்டு, நான் கண்டது இதுதான் எண்டு சொல்லுவா. பொய் சொல்லத் தெரியாத புள்ள. அவட வாயால என்ட பொய் வரும்.

மூடியத் தொற. போகட்டும் விடு. கதலியும் உனக்கே.

அந்தா, கொழும்பு பஸ். இனாஸ், கொஞ்சம் பக்கத்தில நில்லு. வெளி ஆள் நிண்டா அவ சத்தம் போடமாட்டா... இனாஸ்? கடையப் போட்டுட்டு எங்க போற? தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கே.

வா மகள். பேக்கத் தா. சாப்பிட்டியா? கூட்டம் நல்லமா? ...நல்லம், நல்லம்.

...போத்தலா? எட்டும் இருக்கு மகள். கழுவி வெச்சிருக்கன்.

...ஓம். கழுவி.

இல்ல, உம்மாவ ஏசாத. நான்தான்.